தலைக்கணக்கு

ஏப்ரல் முதல் தேதியன்று
இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?
இப்போது செப்டம்பர்.
இதையேதான் ஆறு வாரமாய்க் கேட்கிறேன்,
கழுத்தில் அட்டை, தோளில் கறுப்புப் பை,
வாசலிலிருந்து ஆறடி தள்ளி நின்று.
மணிக்கு இருபத்தாறு டாலர்.
மைலுக்குத் தனிக்காசு.

ஹாலோ க்ரீக், ஏழாம் வட்டம்.
பயிற்சியில் தந்த தாளில் இருக்கிறது:
இடைநிலை வருமானம்
ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
வீட்டில் வேற்றுமொழி பேசுவோர் நூற்றுக்கு நாற்பத்தேழு.
வேலைக்குப் போய்ச்சேர முப்பத்துமூன்று நிமிடம்
(இந்த ஆண்டு யாரும் போய்ச்சேரவில்லை,
கார்கள் மேல் இலை விழுந்து கிடக்கிறது).
ஏழ்மை நான்கு விழுக்காடு.
அந்த நான்கு எந்தத் தெருவில் என்று
தாளில் இல்லை.

வில்லோ கோர்ட் பதினொன்றில்
பல் மருத்துவர் ஃபரங்கிஸ் கஸ்ராவி
இனம் என்ற கேள்வியில் நின்றுவிட்டார்.
அவருக்கு வெள்ளை என்கிறது படிவம்.
"விமான நிலையத்தில் இதைச் சொல்லிப் பாருங்களேன்"
என்று சிரித்தார். நானும்.
துணிக்குள் சிரித்தால்
கண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மெதடிஸ்ட் தேவாலயத்துப் பலகையில்
மேலே கொரியன், கீழே ஸ்பானிஷ்,
ஓரத்தில் சின்னதாய் ஆங்கிலம்.

வென்டெல் ஹூப்பர்ட், எண்பத்திரண்டு வயது.
முப்பத்தோராயிரத்துக்கு வாங்கிய வீடு
இன்று ஒன்பது லட்சம்.
"விலையைக் கடித்துத் தின்ன முடியாதம்மா."
அவர் பின்னால், அடுக்களையில்,
ஒரே சூப்பின் பதினெட்டு டப்பா.
ஏட்டுச் சுரைக்காய்க்கும் வரி உண்டு,
வருடத்துக்கு இரண்டு தவணை.

க்ரீக்கைத் தாண்டி, நில்டா கிஸ்பேயின் வீடு.
ஏணி கட்டிய வேன்கள் மூன்று.
வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு.
"நான்கு பேர்" என்றாள்.
நான் செருப்பைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"நான்கு."
சொன்னதைத்தான் எழுத வேண்டும்.
எழுதினேன்.
இந்த வட்டத்துப் புல் முழுக்க ஒரே உயரத்தில் நிற்பது
அந்த நான்கு பேரால்தான் என்றால்
நல்ல உழைப்பாளிகள்.

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
அந்த ஆளை இன்னும் சந்திக்கவில்லை.
பாதிப்பேர் அவருக்கு மேலே, பாதிப்பேர் கீழே.
நடுவில் அவர் எந்தக் கதவைத் திறப்பார்,
நாய் வளர்ப்பாரா,
என்னைப் பார்த்ததும் விளக்கை அணைப்பாரா?

சாயங்காலம் ஆர்ச்சர்ட் லேனுக்குத் திரும்புகிறேன்.
முன்கதவு செங் வெய்-லுன் குடும்பத்துக்கு.
பக்கக்கதவு, குப்பைத்தொட்டிக்கு அடுத்தது,
எனக்கு.
எட்டுப் படி இறங்கினால்
ஒரு ஜன்னல், ஒரு கொதிகலன்,
மாதம் ஆயிரத்து நூறு, ரொக்கமாக.
"மார்ச்சிலேயே நிரப்பிவிட்டோம், முதல் நாளே"
என்று வெய்-லுன் சொல்லியிருந்தார்,
நல்ல குடிமகனின் பெருமையோடு.
"நாங்கள் நான்கு பேர்."

ஆற்றைக் கடந்து கரையில் நின்று
ஆட்களை எண்ணுகிறவர்
தன்னை விட்டுவிடுவது பழைய கதை.
நான் விடவில்லை.
மேலாளரிடம் கேட்டேன்.
"சொந்த முகவரிக்கு நீங்கள் போகக்கூடாது, ஹிவெட்.
அதோடு அந்த வீடு முடிந்துவிட்டது."

முடிந்துவிட்டது.
தலைக்கு மேல் அவர்கள் நாற்காலி இழுக்கிறார்கள்.
நான் இன்ஜெராவைக் கல்லில் ஊற்றுகிறேன்,
வாசனை மேலே ஏறாமல்
ஜன்னலைத் திறந்துவைத்து.

கடைசி நாள் பையில் ஒரு சீட்டு மிஞ்சியது:
நீங்கள் இல்லாதபோது வந்திருந்தோம்.
அதை என் கதவின் குமிழில் மாட்டிவிட்டுத்
தூங்கப் போனேன்.

காலையில் அதன் பின்பக்கத்தில்
வெய்-லுனின் இளைய மகள்
பச்சைக் கிரேயானில் பூனை வரைந்திருந்தாள்.
வழக்கம் விடவில்லை, கால்களை எண்ணினேன்.
ஐந்து.
மறுபடி எண்ணினேன்.
ஐந்துதான்.
ஒன்று வாலாக இருக்கலாம்.