ஓம்கார், வயது இருபத்திரண்டு

காலை ஒன்பதரைக்கு ஓம்கார் முதல் தடவை இறந்தான்.
பரேல் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
பயிற்சிக்கூடம், நான்காம் மேஜை.
நான் அவன் அம்மா.
நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய்,
மதியம் வடாபாவ், இரண்டு டீ.

எனக்குக் கொடுத்த தாளில் இவ்வளவுதான்:
மகன். பைக் விபத்து. தலையில் அடி.
அம்மாவுக்கு இன்னும் தெரியாது.
அழலாம், கத்தலாம், மயங்கி விழக்கூடாது.
போன வருஷம் ஒருத்தி விழுந்ததில் மேஜை உடைந்ததாம்.

கதவுக்கு வெளியே வரிசையில் முப்பத்தொரு பேர்,
திங்கட்கிழமை வார்டுக்குள் போகப்போகிறவர்கள்.
வெள்ளைக் கோட்டில் இன்னும் கடையின் மடிப்பு.
ஆளுக்கு ஆறு நிமிஷம். மணி அடித்தால் அடுத்த ஆள்.
மூலையில் ஒரு மேடம், மடியில் கட்டம் போட்ட தாள்:
தன் பெயர் சொன்னாரா,
உட்கார்ந்து பேசினாரா,
இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொன்னாரா,
சொன்னபின் சும்மா இருந்தாரா.

ஸ்வராலி மாங்கே வாசலிலேயே அழுதுவிட்டாள்.
நான்தான் தண்ணீர் கொடுத்தேன்,
அதற்குக் கட்டம் இல்லை.
ஒருவன், என் கையைப் பிடிக்கலாமா என்று
மேடத்தைக் கேட்டான்.
ஒருவன் மூளையின் படம் வரைந்து காட்டினான்.
எஸ்தர் கெய்க்வாட் ஒரு தப்பும் செய்யவில்லை,
பதினான்குக்குப் பதினான்கு.
அவள் போனபின் எனக்குக் குளிரெடுத்தது.

பத்தாவது சாவுக்குள் ஓம்காருக்குக்
கத்தரிக்காய் பிடிக்காமல் போயிருந்தது.
பதினைந்தாவதில் இடது கன்னத்தில் அம்மைத்தழும்பு.
டீ குடிக்கும்போது
ஒன்பதாம் நம்பர் செருப்பு, ஒரு வார் அறுந்தது.
எனக்குப் பிள்ளை கிடையாது.
எங்கிருந்து இதெல்லாம் எடுத்து வருகிறான்
என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஃபைசான் உண்ட்ரே வந்தான்.
சட்டைப்பையில் மூன்று பேனா.
பெயர் சொல்ல மறந்தான். உட்கார மறந்தான்.
"ஆஃப் ஹோ கயா, மாவ்ஷி" என்றான்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
பதினோரு வருஷம் முன்னால்
வேறொரு நடைவழியில், நடந்துகொண்டே,
ஒருவர் எனக்கும் அதைத்தான் சொன்னார்,
என் வீட்டுக்காரரைப் பற்றி.
நான் நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தேன்.
எரிந்துகொண்டுதான் இருந்தது.

தாளில் இல்லாததைப் பேசக்கூடாது என்பது விதி.
பேசினேன்.
"ஆஃப்னா, போய் ஆன் பண்ணிட்டு வா.
நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."
பாதி இந்தி, பாதி தமிழ்.
இரண்டும் அவனுக்குப் புரிந்தது.

வாய் திறந்தது, மூடியது.
பக்கத்து அறையில் யாரோ
பொம்மையின் நெஞ்சை அழுத்தி எண்ணினார்கள்:
இருபத்தேழு, இருபத்தெட்டு.
மேடம் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள்.
எந்தக் கட்டம் என்று பார்க்காமலே தெரிந்தது.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
ஓம்கார் இறந்துவிட்டான் என்று சொன்னான்,
மராத்தியில், வீட்டில் சொல்கிற சொல்லில்.
மணி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.
அடுத்தவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு
மறுபடி சாத்தினாள்.

ஐந்தரைக்கு வவுச்சரில் கையெழுத்து.
செண்பகவல்லியை ஷம்பக்வாலி என்று எழுதியிருந்தார்கள்.
மாடிப்படியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அவன்.
"ஓம்கார் அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தான்?"
"ஏன், அதற்கும் மார்க் உண்டா?"
"இல்லை, சும்மா."
தாளில் அது இல்லை.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஆறு பத்து ஸ்லோ லோக்கல். தாதர், மாட்டுங்கா.
சயானில் இறங்கும்போது மழை.
ஸ்டேஷனுக்கு வெளியே, ஆட்டோ வரிசைக்கு இந்தப் பக்கம்,
அம்மாக்களை ஏற்றிப்போக வந்து நிற்கும்
பைக்குகளின் வெளிச்சத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.