டி என்ற கோடு

கெடிலம் பாலத்தில்
மாலை ஆறு ஐம்பதுக்கு வண்டி செத்தது.
பெரிய சத்தம் இல்லை.
எவர்சில்வர் டப்பாவுக்குள் ஆணி விழுந்தாற்போல்
ஒரு டக்.
பிறகு காற்று மட்டும்.
பின்னால் வந்த பாண்டி பஸ்
என் ஏழு தலைமுறையையும் ஹார்னிலேயே விசாரித்துவிட்டுப் போனது.

கிக்கரை மிதித்தேன்.
மிதித்தால் திருப்பி உதைக்கும் இன்ஜின்
அன்றைக்குப் பொத்தென்று கீழே போனது.
கேட்டதற்கெல்லாம் சரி என்றது.
பயம் அப்போதுதான் வந்தது.

ஒரு மாதமாகவே சலசலத்துக்கொண்டிருந்தது,
வாளியில் சோழியைப் போட்டுக் குலுக்குவதுபோல்.
சூடானால் சரியாகிவிடும் என்றான் மணவழகன்.
சூடானால் சரியாகிவிடும் என்றேன் நானும்.
எங்கள் வீட்டில் பல நோவுக்கு
இதுதான் வைத்தியம்.

அவனுக்கு சிப்காட்டில் பகல் ஷிஃப்ட்.
எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஆஸ்பத்திரி லேப், ராத்திரி.
ஆறரைக்கு அவன் ஸ்டாண்ட் போடுவான்,
ஆறே முக்காலுக்கு நான் எடுப்பேன்.
சீட்டில் அவன் சூடு மிச்சம் இருக்கும்.
காலையில் என் சூட்டின்மேல் அவன் உட்காருவான்.
வண்டிப்பாளையத்தில் ஒரே அறை,
ஒரே தலையணை, ஒரே ஹெல்மெட்.
ஆறு வருஷம்
மோதாமல் இருந்தோம்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் வீட்டில்.
அவன் அக்கா வாங்கிப்போன வளையல்,
நான் சொல்லாமல் கட்டிய சீட்டு,
போன ஆடியில் எடுத்த அந்த இரண்டாவது ஸ்கேன்,
அன்றைக்கு அவன் ஏன் லீவு போடவில்லை என்பது.
ஃபேன் சத்தத்துக்கு மேல் கத்தினோம்.
ஃபேனை நிறுத்திவிட்டும் கத்தினோம்.
இரண்டு மணிக்கு அவன் சரி என்றான்.
எல்லாவற்றுக்கும் சரி.
எனக்குக் கிக்கர் ஞாபகம் வந்தது.

லாரன்ஸ் ரோட்டுக்குப் பின்னால், சந்துக்குள் ஜெகபர் கடை.
ஹெட்டைக் கழற்றிப் பேப்பரில் கவிழ்த்தான்.
அறுந்த டைமிங் செயின் ஆயிலுக்குள்
மரவட்டைபோல் சுருண்டு கிடந்தது.
வால்வு இரண்டும் வளைந்திருந்தன.
பிஸ்டன் தலையில் பிறை பிறையாக இரண்டு வடு.
"ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் வரும் மேடம்.
இது வர்றப்ப அது நகந்துக்கணும்.
நகரச் சொல்றது செயினு.
செயின் போச்சுன்னா யார்மேல தப்பு சொல்வீங்க?"
தத்துவமாக ஒன்றும் சொல்லவில்லை அவன்.
நாலாயிரத்து எழுநூறு என்பதற்கு முன்னால் சொன்னான்.

இரண்டு நாள் ஷேர் ஆட்டோ.
மூன்றாம் நாள் கடையில் நின்று பார்த்தேன்.
மேக்னெட்டைத் திருப்பினான்,
டி என்று செதுக்கிய கோடு காதுக்கு நேரே வரும்வரை.
மேலே பல்சக்கரத்தின் புள்ளி
ஹெட்டின் விளிம்புக்கு நேரே.
அதற்கப்புறம்தான் புதுச் செயின்.
ஒரு பல் தள்ளி மாட்டினால் என்ன ஆகும் என்றேன்.
"ஓடும் மேடம்.
ஓடறதா நெனச்சிக்கிட்டே ஓடும்."

உடனே ஸ்டார்ட் செய்துவிடவில்லை.
ஸ்பேனரை மாட்டி
கையாலேயே சுற்றினான், தலையைச் சாய்த்துக்கொண்டு.
இரண்டு முழுச் சுற்று.
எங்கேயாவது முட்டினால்
கையால் என்றால் நிறுத்திக்கொள்ளலாமாம்.

மணவழகன் அரை நாள் லீவு போட்டுப் பணத்தோடு வந்தான்.
நான் ஓட்டினேன், அவன் பின்னால்.
ஹெல்மெட் யாருக்கு என்று பேசவில்லை,
என் மடியில் இருந்தது.
சலசலப்பு இல்லாத வண்டியில்
ஆற்று நாற்றம்கூடத் தெளிவாக வந்தது.
பாலத்தின் பாதியில்
காதருகே கேட்டான்:
அந்த ரெண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட்,
அதை எங்க வச்சிருக்க?

மூன்றாவது கியரிலிருந்து
இரண்டாவதுக்கு இறக்கினேன்.