உறவு முறை

பிரசவ அறைக்குத் துணை போகிறவர் பாரத்தில் ஒரு கட்டம்:
உங்களுக்கு இவர் என்ன உறவு?
தெலுக் இந்தான் மருத்துவமனை,
விடியற்காலை மூன்று இருபது.
பேனா பாதி எழுதும், பாதி கீறும்.
அக்காள் இல்லை. நாத்தனார் இல்லை.
லோகமாதேவியைத் தெரிந்தே
நாலு மாதம்தான்.

டூலா என்று எழுதலாம்.
ஊத்தான் மெலிந்தாங் மளிகைக் கடையில்
முதன்முதலாய் அதைச் சொன்னபோது
"என்ன தூளு? சலவைக்கா, கறிக்கா?" என்றார் முதலாளி.
அன்றிலிருந்து நான் தூள்காரி.

அதற்குமுன் கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருடம்.
காற்றடைத்துப் பார்த்து
ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டும்.
என் பிரசவத்தில் அதே கையுறைகள்
வந்தன, போயின.
முகம் ஒன்றும் நினைவில்லை.
பதினோரு மணி நேரம்
தலைக்குமேல் சுற்றிய விசிறியைத்தான்
அம்மா அம்மா என்று கூப்பிட்டேன்.

சீட்டு எடுத்த பணத்தில் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன்.
மூன்று சனி, மூன்று ஞாயிறு.
பிளாஸ்டிக் இடுப்பெலும்பு, அதற்குள் நுழைந்து வரும் துணிப்பொம்மை.
மருந்து கொடுப்பது உன் வேலை இல்லை என்றார்கள்.
எழுந்து போய்விடாமல் இருப்பதுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை லயத்து வாசலில்
லோகா ஆண்பிள்ளைச் செருப்போடு நின்றாள்.
"என்னோடது நுழையல அக்கா."
தலைவலி?
"ரெண்டு நாளா."
கண்ணுக்குள்ளே?
"மின்மினி பறக்கற மாதிரி."
மாமியார் திருஷ்டி சுற்றி
மிளகாய் போட்ட நெடி இன்னும் போகவில்லை.
நான் வாதாடவில்லை.
திருஷ்டி கழிஞ்சிருச்சு அத்தை,
பிரஷரும் பாத்துட்டு வந்துருவோம் என்றேன்.
பச்சை ஒட்டியிருந்த அவள் புத்தகத்தில்
அன்று மாலையே சிவப்பு ஒட்டினார்கள்.

இப்போது வியாழன் இரவு.
புருஷன் குணாளன் மில் வாசலில்,
செம்பனைக் குலையோடு
முப்பதாவது லாரியாய் நிற்கிறான்.
வலி வரும்போதெல்லாம்
லோகா என் முன்கையைப் பிடிக்கிறாள்.
பால்மரப் பட்டையில் கத்தி இழுத்ததுபோல்
சாய்வாய்ச் சாய்வாய் நகத்தடம்.
"செத்துருவனா அக்கா?"
மாட்டாய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.
மிஸ்ஸி ரோஹாயுவிடம் மலாயில் சொன்னேன்:
வலி இல்லை, பயம்.
அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
இரண்டு நிமிடம் இருக்கும்.
அழுத்தம் எவ்வளவு, மருந்து என்ன செய்கிறது,
ஒவ்வொன்றாய்.
நான் தமிழில் சொல்லச் சொல்ல
லோகாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஐந்து ஐம்பதுக்குப் பிள்ளை.
இரண்டு கிலோ நூறு. அழுதது, நன்றாகவே.
எல்லாரும் எடை மேடைப் பக்கம் திரும்பினார்கள்.
நான் திரும்பவில்லை.
இந்தப் பக்கம் ஒருத்தி
உதடு காய்ந்து, கால் நடுங்க,
மைலோ கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் பார்த்தேன்,
நான் விட்டுவிட்ட கட்டத்தை யாரோ நிரப்பியிருந்தார்கள்:
மற்றவை.
சரி, இருக்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.
"தூள்காரி அக்காங்களா? பாகான் டத்தோவிலேர்ந்து பேசறேன்.
ஏழு மாசம்."
பேரைக் கேட்க மறந்துபோனேன்.
"செருப்பு நுழையுதாம்மா?" என்றேன்.