அரைப்பேர்

ஹட்டன், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
இரவு பத்து நாற்பது.
நெத்மினியின் போனில் ஒன்றரைக் கோடு சிக்னல்.
அதை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.
நாற்பத்தொரு எம்பி கோப்பு
சிங்கப்பூர் சேர்வருக்கு ஏறுகிறது,
நாவலப்பிட்டி தாண்டிய சரக்கு ரயில் மாதிரி.

கோப்பின் பெயர் 'வார்' என்று முடியும்.
யுத்தமா, என்றான் ரிஃப்கான்.
இல்லை, தோல்வார் என்றேன்.
மூன்று மாதம் எழுதிய ஜாவா முழுக்க
அதில்தான் தொங்குகிறது.

என் லேப்டாப்பில் ஓடியது.
(எல்லோரும் சொல்வது. விரிவுரையாளர்
இந்த வசனத்தைச் சுவரில் ஒட்டி
பக்கத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்.)

முதலில் நானூற்று நான்கு:
கோப்பை வைத்த இடம் பிழை.
பிறகு ஐந்நூறு.
நூறு வரி சரிந்து விழுந்தது,
ஆனி மழைக்கு ரோட்டில் இறங்கும் மண்மேடு.
அடியில் கிடந்தது காரணம்:
கடவுச்சொல்லின் கடைசியில்
ரிஃப்கான் விட்ட ஓர் இடைவெளி.
யாரும் திட்டவில்லை.
மீன் பணிஸை மூன்றாகப் பிய்த்தோம்.

பதினொன்று இருபதுக்குப் பக்கம் திறந்தது.
கொழுந்து நிறைப் பதிவேடு, நான்காம் டிவிசன்.
காலை நிறை, பகல் நிறை, அந்தி நிறை,
கூடைக்கும் தண்ணிக்கும் என்று தராசில் கழித்தது.
எண்கள் எல்லாம் சரி.
பெயர் இருந்த இடத்தில்

?????????
???????
????????

நெத்மினி சிரிக்கத் தொடங்கினாள்,
தன் சிங்களப் பெயரும் அதே குறிகளாய் நிற்பதைக் கண்டு
நிறுத்தினாள்.

முதல் வரி கோகிலவாணி.
ககரத்துக்கு ஒன்று, அதன் கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று,
இப்படியே ஒன்பது.
மெய்யெழுத்து வந்தால் அதன் புள்ளிக்கும் தனிக் குறி.
ஒன்றையும் விடாமல் எண்ணியிருக்கிறது சேர்வர்.
ஒன்றையும் வாசிக்கவில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டு கிலோ வந்தால் பேர் விழும்.
பதினேழு என்றால் அரைப்பேர்.
'இந்த மாசம் எத்தன பேரு?'
'பத்தொம்பதரை.'
அந்த அரை, எந்த எழுத்தோடு நிற்கும்
என்று யாரும் கேட்டதில்லை.

மாதிரித் தரவு கேட்டுப் போனபோது
கோகிலவாணி சித்தி செக்ரோல் இலக்கத்தை மட்டும் சொன்னாள்.
'நம்பர் போதும்டி, பேரு எதுக்கு?'
பெயரை வெறுமையாய் விட்டால்
சிவப்பில் தடுக்கும்படி எழுதியது நான்.

ஆங்கிலத்தில் போட்டுவிடலாம், என்றான் ரிஃப்கான்,
பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்கலாம்.
அடையாள அட்டைக்காரரும்
இப்படித்தான் அவசரப்பட்டிருப்பார்;
சித்தி அதில் 'கொக்கில்வேணி'.

குறிமுறையை மாற்றினேன்.
அட்டவணையை அழித்துத் திரும்பக் கட்டினேன்.
முப்பத்தொரு பெயர்.
ரிஃப்கானே வாசித்தான், நான் அடித்தேன்.
கடைசி ஆறை நெத்மினி எழுத்துக்கூட்டினாள்,
ழகரத்தில் வழுக்கி.

பன்னிரண்டு ஏழு.
தாமதத்துக்குப் பத்துப் புள்ளி போகும்,
கூடைக்கும் தண்ணிக்கும்.

சித்திக்கு இணைப்பை அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.
பெரட்டுக்குப் போகுமுன் திறந்திருக்கிறாள்.
பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை.
நாலு செக்கன் குரல் மட்டும், பின்னால் நாய் குரைக்க:
'செவ்வாக்கெழம ரெண்டு கிலோ கொறயுதேடி.'