சீழ்க்கையை மொழிபெயர்த்தல்

பட்டர்வொர்த், இரண்டாவது மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.
குளிர்சாதனம் என் பிடரியைக் குறிபார்த்து ஊதுகிறது.
மேசைமேல் சாட்சிப் பொருள்கள்:
பதினாறு பொய் வாத்துகள்.
உடம்பு, ஜப்பான் சிலிப்பரில் அறுத்த ரப்பர்.
கழுத்து, வளைத்த கம்பி.
ஒன்றின் அடிவயிற்றில் இன்னும் அழியவில்லை
ஒன்பதாம் நம்பர் அளவு.
ஈயக்குண்டு கோத்த நைலான் நரம்பு, ஒரு சுருள்.
விரல் நீள மூங்கில் குழல்,
வாய்ப்பக்கம் இழுத்துக் கட்டிய பலூன் தோல்.

பூபாலன். லாரி ஓட்டுநர். வயது நாற்பத்தொன்று.
பெனாகா வயலில், வரப்போரம் படுத்த வாக்கில்,
காலை ஐந்தரைக்குப் பிடிபட்டவர்.
மலாய் வராது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.
அதனால் நான்.

பதினொரு வருடமாக இதுதான் வேலை:
ஒருவர் வாயில் இருப்பதை
இன்னொருவர் காதுக்குச் சிந்தாமல் கொண்டுபோவது.

ஏன் எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது?
அரசு வழக்கறிஞர் கேட்டார்.
"தலை தூக்கி நின்னா மிரண்ட வாத்துங்க.
மேல பறக்கிறது மொதல்ல அதைத்தான் பார்க்கும்.
மேயுற மாதிரி வச்சாத்தான் நம்பும்."
சொன்னேன்.

நடுவில் தண்ணீரைக் காலியாக விட்டது எதற்கு?
"வர்றவங்க உட்கார."
வர்றவங்க.
அந்த உயர்திணையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
'பறவைகள் இறங்க' என்று சொன்னேன்.
கொஞ்சம் சிந்தியது.

குழலை எப்போது ஊதுவீர்கள்?
"முதுகு காட்டிப் போறப்ப ஊதணும்.
நம்ம பக்கம் திரும்பிட்டா வாயை மூடிக்கணும்.
வந்துக்கிட்டு இருக்கிறவனை யாராச்சும் கூப்பிடுவாங்களா?
அதுக்குச் சந்தேகம் வந்துடும்."
திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.
முதல் தடவையே புரிந்திருந்தது.

ஊதிக் காட்டட்டும் என்றார் புவான்.
சட்டைக் கையில் குழலைத் துடைத்தார்.
உதட்டை நனைத்தார்.
சீ... சிக். சீ... சிக்.
மெல்லிய ஒலிதான்,
மூக்கடைத்த பிள்ளை தூக்கத்தில் விசில் அடிப்பது போல.
கான்ஸ்டபிள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.
வெளியே துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகள்.
வானத்தில் ஒரு சிறகியும் இல்லை,
அந்த ஜன்னலில் வானமே கொஞ்சம்தான்.

பிறகு, பழக்க தோஷம்,
புவான் என்னைப் பார்த்தார்.
தட்டச்சுக்காரி என்னைப் பார்த்தாள்.
என்ன சொன்னார்?

வெறும் ஒலி என்று சொல்லியிருக்கலாம்.
ஆனால் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறவள் நான்.
மலாயில் சொன்னேன்:
'இங்கே ஆள் யாரும் இல்லை. பயப்பட வேண்டாம். நாங்கள் இருக்கிறோம்.'

கூண்டிலிருந்து ஒரு குரல்,
பிசிறில்லாத, சந்தைக்குப் போய்வந்த மலாயில்:
"'காமி' இல்லீங்க, புவான். 'கித்தா'."

நாங்கள் இல்லை.
நாம்.

முதலில் சிரித்தது கான்ஸ்டபிள்.
பிறகு அரசு வழக்கறிஞர், கோப்புக்குப் பின்னால்.
பூபாலன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்,
வயலில் பொத்தாமல் விட்டதற்கும் சேர்த்து.
நான் சிரிக்கவில்லை.
அவர் திருத்தியது சரி.
அந்த ஒரு சொல்லில்தான்
பறக்கிறதையும் சேர்த்துக்கொண்டார்,
படுத்திருக்கிற ஆளையும்,
ஒன்பதாம் நம்பர் சிலிப்பரையும்.

வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.
பொய் வாத்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள்.
கம்பிக் கழுத்துகள் முட்டிக்கொண்டன.

அடுத்த கோப்பு.
வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டேன்:
மகுடேஸ்வரன் ஆனாக் லெலாக்கி ரெங்கையா.
பெஞ்சில் யாரும் அசையவில்லை.
இன்னொரு தடவை.
எல்லாரும் தலை குனிந்து
கைப்பேசியை மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

தாழ்வாரக் கோடியில், படிக்கட்டுப் பக்கம்,
நீலச் சட்டை ஒன்று
முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது.

கூப்பிட்டேன்.
மூன்றாவது தடவை,
நானே எதிர்பார்க்காத அளவுக்கு மென்மையாக.

நின்றார்.
திரும்பினார்.
என்னை நோக்கி நடந்து வரத் தொடங்கினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.