நாலரை மில்லிமீற்றர்

கொம்பனித்தெருவில், மூடிக் கிடக்கும் அச்சகத்துக்கு மேலே
நீளமாய் ஒரு மண்டபம்.
சனிக்கிழமை காலை ஏழரைக்கு
கப்பல் கந்தோர் ஒன்றின் கணக்குக்காரி நான்
இடது கண்ணுக்கு மறைப்புக் கட்டி
கன்வஸ் சட்டைக்குள் ஏறுகிறேன்.
சட்டையில்லை அது, பெட்டி.
நடந்தால் தாரா.
நின்றால் மட்டும்தான் மனிசி.

"ஆரைச் சுடப் போறீங்கள்?"
பூங்கோதை ஒருக்கால் கேட்டாள்,
சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல்.
துவக்கு என்ற சொல்லுக்கு
எங்கட வாயில் வேறு எடை.
காலி வீதியில் பையைத் திறந்து காட்டி
அடையாள அட்டையை நீட்டி நின்றவள் நான்.
துவக்கின் மற்றப் பக்கம்தான்
எனக்குத் தெரிந்த பக்கம்.

இதில் மருந்து இல்லை, பூங்கோதை.
காற்று.
சைக்கிள் ரியூப்புக்குள் இருக்கிற அதே சாமான்,
கொஞ்சம் கோபமாய் அடைத்தது.
கச்சான் கோதை உடைக்கிற சத்தம், அவ்வளவுதான்.

சத்தத்துக்காக வருவதில்லை.
அதற்கு முந்திய எட்டுச் செக்கனுக்காக.

மூச்சை இழு. பாதியை விடு. மிச்சத்தை வை.
வளையத்துக்குள் வளையம், அதற்குள் கறுப்பு,
கறுப்பின் நடுவில் முற்றுப்புள்ளி அளவுக்கு ஒன்று.
பத்து மீற்றரில் அது தெரியாது,
இருக்கிறதென்று நம்பத்தான் வேணும்.
குழல் நிற்காது. நிற்கவே நிற்காது.
தோளில் கோழிக்குஞ்சு ஒன்றை வைத்திருப்பது மாதிரி
நாடிக்கு நாடி துள்ளும்.
இரண்டு துடிப்புக்கு நடுவே ஓர் இடம்.
நாற்பத்தாறு வயதில்தான் கண்டுபிடித்தேன்
இந்த உடம்பில் இப்படியொரு காலி அறை இருப்பதை.
அங்கே நிலுவைப் பட்டியல் இல்லை,
லீசிங் தவணை இல்லை,
மெல்பேர்னிலிருந்து தம்பி எடுக்கிற கோல் இல்லை.

விசையை நீ இழுக்கக்கூடாது,
உனக்குத் தெரியாமல் அது போகவேணும்
என்கிறார் ருவன்பத்திரன, சிங்களத்தில்,
நித்திரை வருவதைப் பற்றிச் சொல்வது போல.
யன்னல் காகத்தைச் சுடட்டா என்று கேட்ட புதுப் பெடியனிடம்
அவர் ஒன்றும் பேசவில்லை.
துவக்கை வாங்கி அலுமாரியில் பூட்டினார்.

ரயில் வந்தால் தரை நடுங்கும்.
ஆறு பேரும் குழலை இறக்கி நிற்போம்,
பாணந்துறைக்குப் போகிறவர்களுக்கு
மரியாதை செய்கிற மாதிரி.

போன சனி. முப்பத்தோராவது குண்டு.
அந்த அறைக்குள் நன்றாகவே போய்விட்டேன்.
சுட்ட பிறகும் இமைக்கவில்லை.
தெரியும். சில நேரம் தெரியும்,
தபால் பெட்டியின் அடியில் கடிதம் விழுவது கேட்பது போல.

கயிற்றை இழுத்து அட்டையை எடுத்தேன்.
துளையே இல்லை.

பக்கத்தில் இம்தாத் தன் அட்டையை வைத்துத் தலையைச் சொறிகிறான்:
"அன்ரி, எனக்கு ரெண்டு ஓட்டை.
ஒண்டு என்ட, ஏழு.
மத்தது..."

மற்றது நடு. நடுவிலும் நடு.
அந்தப் புள்ளி இருந்த இடமே இல்லை.

ருவன்பத்திரன இரண்டு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
இம்தாதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
என் பெயருக்கு நேரே சைபர் போட்டார்.
விதி அதுதான்.
ஆனால் எத்தனை வடிவாகப் போட்டார்!
உருண்டையாய், அவசரமில்லாமல்,
நடுவில் ஒன்றுமே இல்லாமல்.

அட்டையை இம்தாத் எனக்கே தந்துவிட்டான்.
நூறாம் நம்பர் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளையில்தான்
இறங்க வேணுமென்று நினைவு வந்தது.

திங்கள், ஒரு கொள்கலன் கட்டணத்தில்
சைபர் ஒன்று கூடிப்போய்விட்டது.
பூங்கோதைதான் கண்டுபிடித்தாள்.
"இது ஆர் போட்டது?"
நான் என்று சொன்னேன்.
அழிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தேன்.