நடுப்புணியில் எட்டு

நிறுத்துவது எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடம் அதற்குத்தான் சம்பளம்.
கையைத் தூக்குவேன்.
கொப்பரை லாரி நிற்கும், கோழி வண்டி நிற்கும்,
கல்யாணத்துக்குப் போகிற வேன்கூட நின்று
கண்ணாடியை இறக்கும்.

ஓட்டத்தான் தெரியாது.

வரி ஒன்றான இரவில்
நடுப்புணிச் சாவடியின் கம்பு மேலே போனது.
அப்புறம் இறங்கவில்லை.
என்னை மாற்றினார்கள்,
ஆறே முக்காலுக்கு மேல் பஸ் இல்லாத ஒரு மேசைக்கு.
ஐம்பத்தொரு வயதில் பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று வாங்கினேன்.
அம்சவேணி அதைச் சுற்றி வந்தாள்.
"பொட்டு வெச்சாச்சு. ஓட்டறது யாருங்க?"

ஆளில்லாத சாவடி முற்றம்தான் மைதானம்.
தகரக் கூரையில் புறாக்கள்.
எடைமேடையின் இரும்புப் பலகையில் டயர் ஏறும்போது
தொம்மென்று ஒரு சத்தம்,
கீழே யாரோ இன்னும்
எடை எழுதிக்கொண்டிருப்பதுபோல.

சொல்லித்தருவது சஜிதா,
கொழிஞ்சாம்பாறை டிரைவிங் ஸ்கூல்.
என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், மணிக்கு இருநூறு.
பாதி நேரம் போனில்
மகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருப்பாள்.
ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அந்தப் பக்கம் வருவதற்குள்
இந்தப் பக்கம் நான் விழுந்திருப்பேன்.

"கிளட்ச் பதுக்கெ விடு சாரே, பதுக்கெ."
மெதுவாக என்று அர்த்தமாம்.
பதுக்கல் அரிசி பிடித்தே நரைத்த காதுக்கு
அது எப்படி விளங்கும்?
ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு
மொத்தமாக விட்டுவிடுவேன்.
ஒரு குதி குதித்து வண்டி செத்துப்போகும்.

"பேடிக்கண்டா" என்பாள்.
பயப்படாதே என்கிறாள்.
பேடி, எங்கள் பக்கம் வேறு சொல்.
அதுவும் சரிதான்.

அவளிடம் சொல்லாதது ஒன்று:
ஒரு மார்கழி, விடியற்காலை மூன்று மணி, பனி.
லாரிக்கென்றுதான் கம்பை இறக்கினேன்.
பக்கத்தில் வந்த பால்காரர் பார்க்கவில்லை.
கேன் இரண்டும் உருண்டன.
தார் ரோடு வெள்ளையாகி
எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்
நின்றது.
பிழைத்துக்கொண்டார்.
இடது முழங்கை மட்டும் அதன் பிறகு நீளவில்லை.
என் பேரில் ஒரு மெமோகூட இல்லை.

கிளட்ச் பிடிக்கிற கை அது என்று
இந்தப் பதினோராம் நாள்தான் எனக்குத் தெரிகிறது.

எட்டு போடச் சொன்னாள்,
சுண்ணாம்பில் வரைந்து.
நான் போட்டது ஐந்து. இன்னொரு நாள் மூன்று.
ஒரு நாள்
சுவரில் போய் முடிகிற, எந்த மொழியிலும் இல்லாத எழுத்து.
இண்டிகேட்டரை இன்சுலேஷன் டேப்பில் கட்டியிருக்கிறது.
என் முட்டியைச் சொல்லவில்லை.

இன்றைக்கு, "ரோட்டுக்குப் போகாம் சாரே."
அவள் ஸ்கூட்டரில் பின்னால்.
தமிழ்நாட்டின் நன்றியும் கேரளத்தின் நல்வரவும்
ஒன்றையொன்று பார்த்து நிற்கிற இடத்தில்,
சரியாக அங்கே,
அணைந்தது.

ஹாரன். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு லாரி.
திரும்பினால் ஹைதுரு,
எத்தனையோ ராத்திரி என் ஜன்னலில் பில்லை நீட்டியவர்.
தலையை வெளியே விட்டார்.
"எந்தா சாரே லோடு?"

சிரிப்பு வரவில்லை.
பில் தேடுகிறவன்போல
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
பிறகு உதைத்தேன்.
பதுக்கெ
விட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்.
தென்னைகள் போகின்றன, கள்ளுக்கடை போகிறது,
சஜிதா என்னவோ கத்துவது காற்றில் போகிறது.
ஓடுகிற ரோட்டில் வண்டியைத் திருப்புவது எப்படியென்று
பாடம் இன்னும் வரவில்லை.
அதனால் போய்க்கொண்டிருக்கிறேன்,
எங்கேயாவது ரோடு அகலமாகும் வரை.